இத்தாலிய சினிமாவில் வேலை பார்த்த பெண்களைத் தேட எந்தக் காப்பகம் உதவும்?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் வேலை பார்த்த பெண்களைப் பற்றி ஆராய உங்களுக்கு ஒரே ஒரு வாரம்தான் கிடைக்கிறது என்றால், ரோமின் தெற்கே எயுர் பகுதியில் இருக்கும் மத்திய அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். இரண்டு வாரம் கிடைத்தால் வடக்கே துரின் நகரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளங்களை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்து எட்டு மாதத்தை விட்டேன்.

நான் தேடுவது நடிகைகளை இல்லை. அவர்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகம் இருக்கிறது. எனக்கு வேண்டியது 1945க்குப் பிறகான முப்பது வருஷத்தில் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவர்கள், ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் இருக்கக் கன்டினியூட்டி குறிப்பு எழுதியவர்கள், தையல் அறையில் விடிய விடிய ஊசி பிடித்தவர்கள், திரைக்கதையைத் தட்டச்சு செய்தவர்கள், வெளிநாட்டுப் படங்களுக்கு இத்தாலியக் குரல் கொடுத்தவர்கள். இவர்களில் பலருடைய பெயர் டைட்டிலில் வராது. வந்தாலும் பாதிப் பெயர்தான் வரும். எந்த இடம் இப்படிப்பட்ட பெண்ணைக் கண்டுபிடிக்க உதவுகிறது, எந்த இடம் உதவவில்லை என்பதை மட்டும் வைத்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

மோசமானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சந்தா தரவுத்தளம், பெயர் வேண்டாம். தேடுவது வேகமாக இருக்கிறது, பக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் பழைய இத்தாலிய டைட்டில்களில் முதல் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்தும் புள்ளியும் மட்டும் இருந்தால் அந்த நபரை அதே குடும்பப் பெயர் கொண்ட ஏதாவது ஓர் ஆணின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நான் தேடிய ஒரு துணை எடிட்டரின் ஒன்பது படங்கள் இப்படி ஓர் ஒலிப்பதிவாளரின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தன. டைட்டில் கார்டைப் படம் எடுத்து மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் தானாக வரும் பதில்தான் வந்தது. அந்தப் பெண்மணி அந்த மேசையில் கழித்த வருஷங்கள் இன்னொருவர் பெயரில் கிடக்கின்றன, அதைத் திருத்த ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். சந்தாவை நிறுத்திவிட்டேன்.

அங்கிருந்து கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பெயரை வைத்துத் தேடினால் பெண்கள் காணாமல் போவார்கள், வேலையை வைத்துத் தேடினால் வெளியே வருவார்கள். பெயர் என்பது இந்தத் துறையில் அவ்வளவு வழுக்கலான விஷயம். இத்தாலியின் முதல் பெண் இயக்குநர் எல்விரா நொத்தாரி 1875இல் சலேர்னோவில் பிறந்தபோது எல்விரா கோதா. நேப்பிள்ஸில் அவர் நடத்திய நிறுவனத்துக்கு மகள் பெயரால் தோரா ஃபிலிம் என்று பெயர் வைத்தார், கணவர் நிக்கோலா கேமரா பிடித்தார், மகன் எத்வார்தோ நடித்தார். சுமார் அறுபது முழுநீளப் படங்கள் எடுத்தவரின் வேலையைப் பிற்காலத்தில் கணவர் பெயரில் எழுதிவைத்தவர்களும் உண்டு. இன்று முழுதாகப் பார்க்கக் கிடைப்பவை விரல் விட்டு எண்ணக் கூடியவை.

சூசோ செக்கி தாமிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இன் ‘சைக்கிள் திருடர்கள்’, 1963இன் ‘சிறுத்தை’ எல்லாம் அவர் கைபட்ட திரைக்கதைகள், 1994இல் வெனிஸ் திரைப்பட விழாவில் வாழ்நாள் பணிக்கான தங்கச் சிங்கம் வாங்கினார். செக்கி என்பது தந்தை வீட்டுப் பெயர், தாமிகோ கணவர் வீட்டுப் பெயர், சூசோ என்பது செல்லப் பெயர், உண்மைப் பெயர் ஜொவான்னா. ஒரு பட்டியலில் ‘செ’ வரிசையில் இருப்பார், இன்னொன்றில் ‘தா’ வரிசையில். லீனா வெர்ட்முல்லர் 1968இல் ஒரு வெஸ்டர்ன் படத்துக்கு நேதன் விச் என்ற ஆண் பெயரைப் போட்டுக்கொண்டார். ஆஸ்கரில் சிறந்த இயக்குநர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண் அவர்! அவருக்கே இந்த நிலை என்றால் மூன்றாவது உதவித் தையல்காரியை எந்தப் பெயரில் தேடுவது?

அதனால் காப்பகத்துக்குள் நுழையும் முன் வேலைப் பெயர்களை இத்தாலியனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சார்த்தா’ என்றால் தையல்காரி, பன்மையில் ‘சார்த்தே’. ‘செக்ரெத்தாரியா தி எதிட்சியோனே’ என்றால் கன்டினியூட்டி பார்ப்பவர். இத்தாலியில் இந்த வேலையின் பெயரே பெரும்பாலும் பெண்பாலில்தான் வழங்குகிறது, அது ஒன்றே நிறையச் சொல்லும். ‘தாத்திலோகிராஃபா’ தட்டச்சு செய்பவர், ‘பர்ருக்கியேரா’ முடி அலங்காரம். ‘அயூத்தோ ரெஜீஸ்தா’ அதாவது உதவி இயக்குநர் என்ற சொல்லில் ஆண் பெண் தெரியாது, அங்கே கவனம். படத்தொகுப்புக்கு டைட்டிலில் ‘மொந்தாஜ்ஜோ’ என்று வேலையை மட்டும் போட்டுப் பெயர் எழுதுவது வழக்கம் என்பதால் ‘மொந்தாத்ரீச்சே’ என்ற பெண்பால் சொல்லை மட்டும் தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும்.

சரி, எயுர் காப்பகத்துக்கு வருகிறேன். பெரிய, வெள்ளை, தூண்கள் வைத்த கட்டடம். உள்ளே வாசகராகப் பதிவு செய்ய பாஸ்போர்ட் போதும், உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. இங்கே என்ன இருக்கிறது என்றால், அரசின் பொழுதுபோக்குத் துறை ஒவ்வொரு படத்துக்கும் திறந்த கோப்பு. 1949 கடைசியில் வந்த சினிமாச் சட்டத்துக்குப் பிறகு, அரசு உதவி வேண்டும் என்று கேட்ட தயாரிப்பாளர் திரைக்கதையையும் செலவு மதிப்பீட்டையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிக் கொடுத்த காகிதங்கள்தாம் நமக்குப் புதையல். ‘ப்ரெவெந்தீவோ’ என்ற மதிப்பீட்டில் படக்குழுவில் யார் யார், எந்த வேலைக்கு எத்தனை வாரம், எவ்வளவு கூலி என்று வரி வரியாக இருக்கும். படம் முடிந்தபின் கொடுத்த ‘கொன்சுந்தீவோ’ கணக்கும் அதே கோப்பில் கிடைத்தால் அன்றைக்கு நீங்கள் அதிர்ஷ்டசாலி.

நான் பார்த்த ஒரு தாளைச் சொல்கிறேன். வெங்காயத் தோல் போல மெல்லிய கார்பன் நகல், ஓரம் பழுப்பேறி, துருப்பிடித்த குண்டூசி இரண்டு துளை விட்டிருந்தது. மேலே இயக்குநர், கேமராமேன், கலை இயக்குநர் எல்லாருக்கும் முழுப் பெயர். இறங்கிக்கொண்டே வந்தால் குடும்பப் பெயர் மட்டும். இன்னும் கீழே போனால் தையல்காரி என்ற வேலைக்கு எதிரே பெயர் வரவேண்டிய இடத்தில் ‘என். என்.’ என்ற இரண்டே எழுத்து, பெயர் தெரியாதவர் என்று பொருள். ஆனால் அந்த எழுத்துகளின் மேலே யாரோ பென்சிலால் ஒரு பெயரை எழுதி, வாரக் கணக்கை ஆறிலிருந்து பத்தாகத் திருத்தியிருந்தார்கள். அந்தப் பென்சில் எழுத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் கிடையாது. அந்தப் படத்தை அதற்கு முன் நான்கு முறையாவது பார்த்திருப்பேன். அன்று ராத்திரி திரும்பவும் போட்டுப் பார்த்தேன், விருந்துக் காட்சியில் நாற்பது உடைகள், அத்தனையிலும் அந்தக் கை இருந்திருக்கிறது.

இந்த மாதிரித் தாள்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். 2017இன் 124ஆம் எண் சட்டத்துக்குப் பிறகு இத்தாலிய அரசுக் காப்பகங்களில் சொந்தக் கருவியால் எடுப்பது இலவசம், ஃபிளாஷும் ஸ்டாண்டும் கூடாது, அவ்வளவுதான். தனிநபர் அந்தரங்கம் சம்பந்தப்பட்ட காகிதங்களுக்கு நாற்பது வருஷப் பூட்டு உண்டு. உடல்நலம், குடும்ப விஷயம் என்றால் எழுபது. பெண் தொழிலாளர்களைத் தேடும்போது இந்த இரண்டாவது பூட்டு அடிக்கடி எதிரே வந்து நிற்கும், ஏனென்றால் பிரசவ விடுப்பு, கல்யாணம் என்று எல்லாமே அவர்கள் கோப்பில் கலந்திருக்கும். பூட்டு நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா.

குறை என்று சொன்னால், கோப்புகள் படத்தின் பெயரில் அடுக்கப்பட்டவை, ஆட்களின் பெயரில் இல்லை. முதலில் படத்தைத் தெரிந்துகொண்டுதான் பெண்ணிடம் போக முடியும். அது எந்தக் காப்பகத்தின் தப்பும் இல்லை, அரசு அந்தக் காகிதத்தை வாங்கிய காரணம் வேறு.

அதே ரோமில் தென்கிழக்கே துஸ்கோலானா சாலையில், மெட்ரோ ‘ஏ’ பாதையில் போனால் சினெசிட்டா ஸ்டுடியோவுக்கு எதிர்ப்பக்கம் செந்த்ரோ ஸ்பெரிமென்தாலே திரைப்படப் பள்ளி. 1935இல் தொடங்கியது, அதாவது சினெசிட்டாவே 1937இல்தான் திறந்தது என்பதால் ஸ்டுடியோவைவிடப் பள்ளிக்கு வயது கூடுதல். அங்கேயிருக்கும் லூயிஜி கியாரினி நூலகத்தில் திரைக்கதைகளின் தட்டச்சுப் பிரதிகளைத் தேடிப் போங்கள். அச்சிட்ட திரைக்கதை வேறு, தட்டச்சுப் பிரதி வேறு. படப்பிடிப்புக்குப் போய்வந்த பிரதி கையில் அகப்பட்டால் ஓரத்தில் கிறுக்கியிருப்பதை விடாதீர்கள், எந்த உடை எந்தக் காட்சிக்கு, எந்தக் கதவு திறந்திருந்தது என்று கன்டினியூட்டி எழுதிய கை அது. எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு ஒரே கையை இரண்டு பிரதிகளில் கண்டுபிடித்த நாளை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் ஓஸ்தியென்ஸே சாலையில் தொழிலாளர் மற்றும் ஜனநாயக இயக்கத்தின் ஒலி-ஒளிக் காப்பகம். செசிலியா மாஞ்ஜினிக்காகவே இங்கே போகலாம். 1927இல் மோலா தி பாரியில் பிறந்தவர், புகைப்படக்காரராகத் தொடங்கி ஆவணப்படத்துக்கு வந்தவர். 1965இல் அவர் எடுத்த ‘எஸ்ஸெரே தொன்னே’, அதாவது பெண்களாக இருத்தல், சுமார் அரை மணி நேரப் படம். ஆலையிலும் வயலிலும் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுத்த வேலையை ஆரம்பிக்கும் பெண்களைக் காட்டுகிறது. அரசுத் தரக்குழு இதற்கு அங்கீகாரம் மறுத்தது, அதனால் திரையரங்குகளில் முழுநீளப் படத்தோடு சேர்த்து ஓடும் வாய்ப்பு போயிற்று. வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஒரு பெண் பார்த்த வேலையை இப்படித் தடுத்தார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. எந்திரத்தின் தாளத்துக்குப் பெண்களின் கைகள் நகர்வதைப் பாருங்கள், அந்தக் காட்சியை எடுக்க எவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ரோமிலேயே தெல்லா லுங்காரா சாலையில் சர்வதேச மகளிர் இல்லமும் அதற்குள் ஆர்க்கீவியா என்ற மகளிர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. எழுபதுகளின் பெண்கள் இயக்கம் சம்பந்தமான துண்டறிக்கை, பத்திரிகை எல்லாம் தேட இதுதான் இடம். சினிமா மட்டும் தேடுகிறவருக்கு அரை நாள் போதும், தொலைக்காட்சியைத் தேடுகிறவர் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

துரின். இதைப் பற்றி எழுதும்போது என்னால் நடுநிலையாக இருக்க முடியவில்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். தேசிய சினிமா அருங்காட்சியகம் 2000ஆம் ஆண்டிலிருந்து மோலே அந்தோனெல்லியானா கோபுரத்துக்குள் இருக்கிறது, சுற்றுலா வருகிறவர்கள் லிஃப்டில் ஏறிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த அருங்காட்சியகமே ஒரு பெண்ணின் வேலை. மரியா அத்ரியானா புரோலோ, 1908இல் பிறந்தவர், 1941இல், போருக்கு நடுவில், சினிமாவுக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று முடிவு செய்து பழைய கேமரா, போஸ்டர், காகிதம் என்று சேர்க்க ஆரம்பித்தார். குப்பைக்குப் போக வேண்டிய ஊமைப்பட நிறுவனங்களின் மிச்சத்தை அவர் பொறுக்கி வைத்தார். 1951இல் இத்தாலிய ஊமைப்பட வரலாற்றை எழுதினார், 1958இல் கியாப்ளேஸே அரண்மனையில் அருங்காட்சியகம் திறந்தது. சினிமாவில் பெண்களின் வேலை என்று பட்டியல் போடுகிறவர்கள் இந்தச் சேகரிப்பு வேலையை ஏனோ சேர்ப்பதில்லை. படம் எடுத்தவர் போலவே, எடுத்தது அழியாமல் காத்தவரும் அந்தத் துறையின் ஆள்தான்.

படிக்கப் போக வேண்டியது கோபுரத்துக்கு இல்லை, அருங்காட்சியகத்தின் மரியோ க்ரோமோ நூலகத்துக்கு. அது இருக்கும் தெருவின் பெயர் மத்தில்தே செராவோ தெரு. நேப்பிள்ஸில் 1892இல் ‘இல் மத்தீனோ’ நாளிதழைக் கணவரோடு சேர்ந்து தொடங்கிய பத்திரிகையாளர் செராவோதான். புரோலோ சேர்த்த காகிதங்களைப் படிக்க செராவோவின் தெருவில் நடந்து போகும்போது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் வரும். என்ன தேடுகிறேன் என்று நூலகரிடம் பேசியே ஆகவேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிடப் பெட்டிக்குள் இருப்பது அதிகம், அதை அறிந்த ஆள் சொன்னால்தான் உண்டு. என்னிடம் பேசியவர் இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நான் எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்த மூன்று எண்ணையும் அடித்துவிட்டு வேறு இரண்டு எழுதினார். இரண்டுமே சரி.

போலோஞா நகரம் பற்றிச் சுருக்கமாக. அங்கேயுள்ள சினெத்தேகா என்ற திரைப்படக் காப்பகத்தின் ரென்சோ ரென்சி நூலகம் அச்சிட்ட புத்தகம், பத்திரிகை படிக்க வசதி. ‘திவாக்கள் (நட்சத்திர நடிகைகள்) மட்டுமில்லை’ என்ற பொருளில் தலைப்பு வைத்து இத்தாலியப் பெண் முன்னோடிகள் பற்றி மோனிகா தல்லாஸ்தா தொகுத்த புத்தகத்தை 2008இல் வெளியிட்டதும் இந்த நிறுவனம்தான், புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். காசு செலவில்லாமல் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மகளிர் திரைப்பட முன்னோடிகள் திட்டத்தின் தளம், ஊமைப்பட காலத்துக்கு மட்டும். செய்திப்படத்துக்கு, அவற்றைத் தயாரித்த அரசு நிறுவனமான இஸ்தித்தூத்தோ லூச்சேயின் இணையக் காப்பகம். அதில் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், நட்சத்திரத்தின் பாவாடையைச் சரிசெய்யக் குனிந்திருப்பவரைப் பாருங்கள்.

தொலைக்காட்சி கஷ்டம். இத்தாலியின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ராய் 1954 ஜனவரி 3ஆம் தேதி வழக்கமான ஒளிபரப்பைத் தொடங்கியது. திரையில் தெரிந்த அறிவிப்பாளர் பெண்களை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, நிக்கோலெத்தா ஒர்சோமாந்தோ 1953இல் சோதனை ஒளிபரப்பில் வந்து 1993 வரை இருந்தார். திரைக்குப் பின்னால் இருந்தவர்களைத் தேடினால்தான் சிரமம். இயக்குநர் லிலியானா கவானி தன் சினிமாவுக்கு முன் ராயில் ஆவணப்படங்கள் எடுத்தார், அதில் பாசிச, நாஜி எதிர்ப்புப் போரில் பெண்கள் பற்றிய 1965ஆம் ஆண்டுப் படமும் ஒன்று. 1979 ஏப்ரல் 26 அன்று ஒளிபரப்பான ‘ப்ரோச்செஸ்ஸோ பெர் ஸ்தூப்ரோ’ லத்தீனா நகரில் நடந்த பாலியல் வன்முறை வழக்கை நீதிமன்றத்துக்குள்ளேயே வீடியோவில் பதிவு செய்தது, எடுத்தவர்கள் ஆறு பெண்கள். பாதிக்கப்பட்ட பெண்ணையே குற்றவாளிபோல் கேள்வி கேட்பதை நாடு முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது. ராய் தேக்கே காப்பகம் இப்படிப்பட்டவற்றைப் பாதுகாக்கிறது. நிகழ்ச்சியைப் பார்க்கலாம், பார்த்து முடித்ததும் யார் எடிட் செய்தார் என்ற கேள்விக்குக் கடைசி டைட்டிலைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அது சில சமயம் வெட்டுப்பட்டிருக்கும்.

டப்பிங் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்ரிட் பெர்க்மனுக்கு இத்தாலியனில் பேசியவர் லிதியா சிமொனெஸ்கி, மர்லின் மன்ரோவுக்கு ரோசெத்தா கலவெத்தா. அந்தக் காலப் படங்களில் குரல் கொடுத்தவர் பெயரைத் திரையில் போடும் வழக்கமில்லை. காதை நம்பித்தான் பட்டியல் போட்டிருக்கிறார்கள் ரசிகர்கள், அந்த உழைப்புக்கு என் நன்றி.

போகும் முன் சில விஷயங்கள். ஆகஸ்ட் நடுவில் போகாதீர்கள், பதினைந்தாம் தேதியை ஒட்டி நாடே மூடியிருக்கும். எந்தப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, பெட்டி இருக்கிறது என்று பதில் வந்த பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். ஓரிடத்தில் நான் நான்கு மணி நேரப் பயணம் செய்து போய் நின்றபோது பெட்டி சீரமைப்புக்குப் போயிருக்கிறது என்றார்கள், தளத்தில் அப்படி ஒரு குறிப்பும் இல்லை. அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை, அன்று மேசையில் இருந்தவரும் என்னளவு வருத்தப்பட்டார்.

இன்னொன்று, காப்பகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெண்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பொழுதுபோக்குத் துறைத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிறுவனமாக இருந்த என்பால்ஸ் 2011 இறுதியில் வந்த ஆணையால் தேசிய சமூகக் காப்பீட்டு நிறுவனமான இன்ப்ஸோடு இணைக்கப்பட்டது, எந்த வருஷம் எத்தனை நாள் வேலை கணக்கில் ஏறியது என்ற அறிக்கையை ஒருவர் தனக்காகக் கேட்டு வாங்கலாம். நாம் கேட்டால் தரமாட்டார்கள், அவர்களே கேட்க வேண்டும். ரோமில் ஒரு முன்னாள் தையல்காரப் பாட்டியிடம் இதைச் சொன்னேன், அடுத்த முறை போனபோது பேத்தி அச்செடுத்துக் கொடுத்த தாள்களை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் வரி வரியாகக் கீழே இறங்கினார். ஒரு வருஷத்தில் விரல் நின்றது. அந்த வரியில் நாள் கணக்கு பூஜ்யம். அந்த வருஷம் இரண்டு படத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்லி இரண்டின் பெயரையும் சொன்னார், யார் கதாநாயகி, எந்தத் துணி, எந்த நிறம் என்பது வரை. நான் குறித்துக்கொண்டேன். எயுரில் அந்த இரண்டு படங்களின் கோப்புக்கும் போன வாரம் கோரிக்கை அனுப்பியிருக்கிறேன்.